1.3-இல் பெய்த மழை

கோபால்சாமி மழை வாரியத்துக்கு அனுப்பிய மனுவில் இரண்டே வரிகள் இருந்தன. "என் மழையை யாரோ திருடுகிறார்கள். ஆதாரம் இணைப்பில்." இணைப்பில் ஒரு கத்தரிச் செடியின் புகைப்படம் இருந்தது.

செயற்பொறியாளர் குற்றாலநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் அதைப் பார்த்தார். நல்ல செடி. ஊதா நிறத்தில் பூ விட்டிருந்தது.

"கத்தரிச் செடி எப்படிம்மா மழையத் திருடும்?" என்று ஜெபமலரைக் கேட்டார்.

ஜெபமலர் பதில் சொல்லவில்லை. வாரியத்தில் சேர்ந்த மூன்று வருடத்தில் அவள் பேசியதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அதிலும் பாதி "சரி சார்" என்றுதான் இருக்கும். அவளுடைய பேச்சுவார்த்தை முழுவதும் கணினியோடு. அது திருப்பிக் கேள்வி கேட்காது, கேட்டாலும் முகத்தைப் பார்த்துக் கேட்காது.

நெடுங்கரிசல் வட்டாரத்தில் வானம் தானாகப் பெய்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது மழையைக் கொண்டுவருவது மேகப்படகு. கடலோரத்தில் ஈரக்காற்றை உறிஞ்சி வயிற்றை நிரப்பிக்கொண்டு, ஆளில்லாமல் பறந்து வரும். ஒவ்வொரு மழைக்கோபுரத்திலிருந்தும் ஒரு நேர்கோடு கிளம்பும், முதல் கிலோமீட்டர் முடிந்ததும் அதே திசையில் இன்னொரு கோடு தொடங்கும். ஒவ்வொரு கோட்டின் மேலும் நூறு மீட்டருக்கு ஓர் இடத்தில் நின்று படகு வயிற்றைத் திறக்கும். நின்ற இடத்துக்குக் கீழே ஒரு வட்டத்துக்கு மழை. வட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு விழாது. கோட்டில் நிலம் அமைந்தவர்கள் விவசாயிகள். அமையாதவர்கள் டவுனுக்குப் பஸ் ஏறியவர்கள்.

படகு எத்தனையாவது கிலோமீட்டரில் நிற்க வேண்டும் என்ற எண்களை முன்பு ஓர் எழுத்தர் கையால் அடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் 1.1 என்பதற்குப் பதில் 11 என்று அடித்துவிட்டார். பதினோராவது கிலோமீட்டரில் ஒரு கல்யாணப் பந்தலுக்குள் மழை பெய்தது. பெண் வீட்டார் நல்ல சகுனம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் வழக்குப் போட்டார்கள். அதன் பிறகுதான் அந்த வேலை ஜெபமலருக்கு வந்தது. அவள் பைத்தானில் ஒரே ஒரு வரி எழுதினாள். பைத்தான் நூறு வயதைத் தாண்டிய கணினி மொழி, ஆனால் வாரியம் பழைய பொருள் எதையும் எறிவதில்லை. எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும், எவ்வளவு இடைவெளி என்று மூன்று எண்களைக் கொடுத்தால், நடுவில் வர வேண்டிய தசம எண்களை எல்லாம் அது வரிசையாக உண்டாக்கிக் கொடுத்துவிடும். நாற்பது கோபுரங்களுக்கும் அந்த ஒரே வரி. பதினைந்து மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபமலர் புகைப்படத்தை மறுபடி பார்த்தாள். செடிக்குப் பின்னால் ஓர் எல்லைக்கல் தெரிந்தது. அதில் வெள்ளைப் பெயின்டில் 1.3 என்று எழுதியிருந்தது. ஏழாம் கோபுரத்தின் இரண்டாவது கோடு அந்தக் கல்லோடு முடிகிறது. முடிகிற இடம் கணக்கில் சேராது. அங்கே மழை பெய்யக் கூடாது.

தன் இடத்துக்குப் போய் மூன்று எண்களை அடித்தாள். தொடக்கம் 1. முடிவு 1.3. இடைவெளி 0.1. திரையில் மூன்று எண்கள் வர வேண்டும்.

நான்கு வந்தன. 1.0, 1.1, 1.2, 1.3.

காது மடல் சூடாவதை உணர்ந்தாள். திரையை அணைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜீப்பை எடுக்கச் சொல்லு," என்றார் குற்றாலநாதன் உள்ளேயிருந்து. "மழைத் திருட்டுன்னா நேர்ல போகாம முடியாது. நீயும் வா. அளவுக் கருவியெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

"சரி சார்."

*

கோபால்சாமியின் நிலம் 1.2-இல் இருந்தது. 1.0 அவர் அண்ணனுடையது, 1.1 அவர் மச்சானுடையது. ஆக, அந்தக் கோடு முழுக்க ஒரே குடும்பம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் குடையோடு வரப்பில் நின்றிருந்தார். அந்த வட்டாரத்தில் குடை வைத்திருப்பது கார் வைத்திருப்பதைவிடப் பெரிய அந்தஸ்து.

"பாருங்க சார், அங்க பாருங்க," என்று குடையால் காட்டினார்.

எல்லைக்கல்லைச் சுற்றி வட்டமாகப் பச்சை. அதைத் தாண்டினால் வெடித்த கரிசலும் வேலிக்கருவையும்தான். பச்சை வட்டத்துக்கு நடுவில் தகரம் வேய்ந்த ஒரு குடிசை. வாசலில் இரண்டு ஆடுகள். கத்தரிப் பாத்திக்குள் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் சீனியம்மாள்.

"வாங்கய்யா. வா தாயி. மோர் குடிக்கியளா?"

"மோரெல்லாம் இருக்கட்டும்," என்றார் குற்றாலநாதன். "இந்தச் செடிக்கெல்லாம் தண்ணி எங்கேர்ந்து வருது?"

சீனியம்மாள் விரலை மேலே நீட்டினாள்.

"மேலேன்னா?"

"மேலேன்னா மேலதான். கீழேருந்தா மழ பெய்யும்?"

"ஏத்தமான பேச்சப் பாத்தீங்களா சார்," என்றார் கோபால்சாமி. "ராத்திரியோட ராத்திரியா குழாய் பதிச்சு உறிஞ்சுறா. தோண்டிப் பாருங்க."

"தோண்டுங்க அண்ணாச்சி," என்றாள் சீனியம்மாள். "நானே ஒரு பாத்தி கொத்தணும்னு நெனச்சேன். ஒரு ஆள் கூலி மிச்சம்."

ஜெபமலர் கருவியை எடுத்துக்கொண்டு வட்டத்தை ஒரு சுற்று சுற்றினாள். குழாய் இல்லை, கம்பி இல்லை. இருந்ததெல்லாம் நசுங்கிய ஒரு குடமும் ஒரு மண்வெட்டியும். இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நிதானமாகச் சுற்றினாள், ஏனென்றால் சுற்றி முடித்தால் ஏதாவது சொல்ல வேண்டும்.

"ஒண்ணும் இல்ல சார்."

குற்றாலநாதன் சீனியம்மாளிடம் திரும்பினார். "எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"வருசம் ஒண்ணு ஆச்சு. மொதப் போகம் கம்பு. ரெண்டாவது உளுந்து. இது மூணாவது." அவள் குரல் கொஞ்சம் மாறியது. "புறம்போக்குல மூணு போகம் தொடந்தாப்புல எடுத்தா நெலம் நமக்குத்தானய்யா? பசுமைச் சட்டத்துல அப்படித்தான போட்டுருக்கு? சனிக்கெழம கிராம அதிகாரி அளக்க வாராரு. அதுக்குள்ள காய் பிடிச்சிருக்கணும். பூவா இருந்தா கணக்குல வராதாம். வெள்ளிக்கெழம மழ விழுந்துருச்சுன்னா பிடிச்சிரும்."

"விழலைன்னா?"

"பூ உதுந்துரும். அப்புறம் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ்தான். எம் மக அங்கதான் இன்னும் குச்சி அடுக்குதா. பட்டா வந்ததும் வான்னு சொல்லி வச்சிருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவள் குற்றாலநாதனைப் பார்க்கவில்லை. ஜெபமலரைப் பார்த்தாள். ஜெபமலர் கருவியின் திரையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

*

ஜீப் மண்சாலையில் குதித்துக் குதித்துப் போனது. குற்றாலநாதன் யோசனையில் இருந்தார். அவர் சத்தமாக யோசிப்பவர்.

"திருட்டுன்னு எழுதணும்னா கருவி வேணும். குடத்தையும் ஆட்டையும் வச்சு மழையத் திருடினான்னு எழுதினா தலைமை அலுவலகத்துல சிரிப்பாங்க. இயற்கை மழைன்னு எழுதினா இன்னும் மோசம். இயற்கை மழை பெய்யற இடத்துக்கு வாரியம் எதுக்குன்னு கேட்டு ஆபீஸையே மூடிடுவாங்க. எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "மூணாவது ஒண்ணு இருக்கா?"

ஜெபமலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் தப்பு சார்."

"என்னது?"

"படகு நாலு இடத்துல நிக்குது. மூணு இடத்துலதான் நிக்கணும். நான் எழுதின வரி நாலு எண்ணைக் கொடுக்குது."

குற்றாலநாதன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சாலையை அளவுக்கு மீறிய கவனத்தோடு பார்த்தார்.

"தெளிவாச் சொல்லு."

அவள் அவ்வளவு நீளமாக அதற்கு முன்பு அவரிடம் பேசியதில்லை. "கோபுரத்துலேர்ந்து முதல் கிலோமீட்டர் ஒரு கோடு சார். ஒண்ணுலேர்ந்து ரெண்டாவது கோடு. முதல் கோடு முடியற இடத்துலதான் அடுத்தது ஆரம்பிக்குது. ரெண்டும் அந்த இடத்தைச் சேத்துக்கிட்டா அங்க ரெண்டு தடவை பெய்யும். அதனால தொடங்கற இடத்தைச் சேத்துக்கோ, முடியற இடத்தை விட்டுடுன்னு விதி. ஒண்ணுலேர்ந்து 1.3-ன்னா, 1.3-ஐ விட்டுடணும்."

"ஏன் விடலை?"

"மிஷினுக்குப் பத்துல ஒண்ணுங்கறது முழுசா எழுத வராது சார். நமக்கு ஒண்ணை மூணால வகுத்தா 0.333-ன்னு முடியாமப் போகும்ல, அந்த மாதிரி. அது ரெண்டு ரெண்டாத்தான் எண்ணும். அதனால எங்கேயாவது வெட்டி நிறுத்திக்கும். 1.3-லேர்ந்து ஒண்ணைக் கழிச்சா 0.3 வரணும். வர்றது 0.3-க்கு அப்புறம் பதினஞ்சு சைபர் தள்ளி ஒரு நாலு. அதை 0.1-ஆல வகுத்தா மூணுக்கு ஒரு தூசி கூட. மூணு இடம் போதாது போலிருக்கே, நாலாக்கிடுவோம்னு அது முடிவு பண்ணிடுது."

"பதினஞ்சு சைபருக்குப் பின்னாடி இருக்கற ஒரு நாலுக்கு, ஒரு கத்தரித் தோட்டமா?"

"ஆமா சார்."

"அப்ப எல்லாக் கோட்டுலயும் இப்படியா?"

"இல்ல சார். 1.2-ல முடிஞ்சா சரியா வருது. 1.3-ல தப்பா வருது. எந்த எண்ணுங்கறதைப் பொறுத்தது. மத்ததை நான் இன்னும் பாக்கலை."

"மேகப்படகுல இருக்கற தண்ணி?"

"அதே தண்ணிதான். மூணா பிரியறதுக்குப் பதிலா நாலா பிரியுது. கோபால்சாமி சார் குடும்பத்துக்குக் கால் பங்கு குறைஞ்சிருக்கு. பதினஞ்சு மாசமா. அவர் சொன்னது உண்மைதான் சார். திருட்டுதான். திருடினது நான்."

அவளுடைய நிரலுக்குச் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டது குற்றாலநாதன். அதை அவரும் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"சரி பண்ண எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் சார். இடைவெளியைச் சொல்றதுக்குப் பதிலா, எத்தனை எண் வேணும்னு சொல்லிட்டாப் போதும். முதல் எண் இது, கடைசி எண் இது, மொத்தம் இத்தனை. நடுவுல சமமாப் பிரிச்சுக்கோன்னு. அப்போ கூடுதலா ஒண்ணு நுழைய முடியாது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணு. நாற்பது கோபுரத்துக்கும் சேத்து." பிறகு, "ஒண்ணு. ஆவணத்துல பிழைன்னு எழுதாத. மேம்பாடுன்னு எழுது."

"அந்தம்மா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம்தான். ஆனா பாவத்துக்கெல்லாம் நம்மகிட்ட ஃபாரம் இல்லையே."

*

புதன்கிழமை முழுவதும் ஜெபமலர் கோட்டு வரைபடங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது கோபுரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிறுத்தம் என்று எண்ணிப் பட்டியலிட்டாள். வரைபடத்தில் உள்ளபடி. இந்தமுறை ஒரு தூசிகூட ஒட்டக் கூடாது.

ஏழாம் கோபுரத்துக்கு வந்தபோது நிறுத்தினாள். கடைசி எண் 1.2. மொத்தம் 3. அப்படித்தான் அடிக்க வேண்டும்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். கோபால்சாமியின் குடை ஞாபகத்துக்கு வந்தது. அவர் நிலத்து வரப்பு ஓரமாக ஓடிய வடிகால் ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் கூடிப்போனால் வெளியேற்றுவதற்காக வெட்டியது அது. அதில் தண்ணீர் ஓடிப் பல காலம் ஆகியிருந்தது. அவ்வளவுதான் அவருடைய நஷ்டம். ஆனால் அது அவளாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றும் தெரிந்தது. ஒருவருடைய கால் பங்கை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க அவள் யார்? வானமா?

பதினைந்து மாதமாக அறியாமல் செய்தாள். இப்போது அறிந்தே செய்தால் அதற்கு வேறு பெயர்.

கடைசி எண் 1.3. மொத்தம் 4.

ஓடவிட்டுப் பார்த்தாள். நான்கு எண்கள் பிசிறில்லாமல், சம இடைவெளியில் வந்து நின்றன. இப்போது அதில் பிழை எதுவும் இல்லை. எந்தத் தணிக்கையாளர் வந்து பார்த்தாலும் சொன்னது நான்கு, வந்தது நான்கு.

பட்டியலை அச்செடுத்து, மேலே 'மேம்பாடு' என்று தலைப்பிட்டுக் குற்றாலநாதன் மேசையில் வைத்தாள். வாரியத்தில் இன்னமும் மையில் போட்ட கையெழுத்துதான் செல்லும். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். முதல் மூன்று கோபுரங்களை விரல் வைத்துச் சரிபார்த்தார். நான்காவதில் போன் வந்தது. பேசிக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் எதையும் மறைக்கவில்லை. ஏழாம் கோபுரம் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஏழாவது வரியில்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோபால்சாமி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சரி செய்தாயிற்று என்று கடிதம் போனது போதாதாம், கண்ணால் பார்க்க வேண்டுமாம். குற்றாலநாதனும் தயாராக இருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். மனுவை முடித்துவைக்கும் நாளில் அப்படிப் போடுவது அவர் வழக்கம்.

எல்லைக்கல்லுக்கு அருகில், கத்தரிப் பாத்தியின் நடுவில் போய் நின்றார். "இங்கயே நிக்கறேன் கோபால்சாமி. ஒரு சொட்டு விழுதான்னு நீங்களே பாருங்க."

"சார், கொஞ்சம் தள்ளி..." என்றாள் ஜெபமலர்.

"பரவாயில்லம்மா. மக்களுக்கு நம்பிக்கை வரணும்."

சீனியம்மாள் குடிசை வாசலில் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மூன்று நாளில் முகம் சின்னதாகியிருந்தது. டிரைவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்றுதான் ஜெபமலர் நினைத்திருந்தாள். இந்தக் கல்லில் இனி மழை இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

தென்கிழக்கில் படகு தெரிந்தது. சாம்பல் நிறத்தில், நிறைசூலி போலக் கனத்து, மெதுவாக வந்தது. 1.0-இல் நின்றது. கோபால்சாமியின் அண்ணன் நிலம் புகைபோல மறைந்தது. பிறகு 1.1. பிறகு 1.2. கோபால்சாமி குடையை விரித்துத் தன் வரப்பில் நின்று, நனைந்துகொண்டிருக்கும் தன் மிளகாய்ச் செடிகளைப் பார்த்தபடி எண்ணினார்.

"மூணு," என்றார் குற்றாலநாதன், விரலைக் காட்டி. "அவ்வளவுதான். இனி படகு திரும்பி..."

படகு திரும்பவில்லை. நூறு மீட்டர் நகர்ந்து, அவர் தலைக்கு நேர் மேலே வந்து, வயிற்றைத் திறந்தது.

மழை வாரியத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். வாரியத்து மழையில் நனைந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாமல், கைகளைப் பக்கவாட்டில் விரித்து, கத்தரிச் செடிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றார். ஆடுகள் கத்திக்கொண்டு குடிசைக்குள் ஓடின. சீனியம்மாள் ஓடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஜெபமலரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெபமலரும் நனைந்துகொண்டிருந்தாள்.

நான்கு நிமிடத்தில் நின்றது. கோபால்சாமி குடையை மடக்காமலே வேகமாக வந்தார்.

"என்ன சார் இது? சரி பண்ணியாச்சுன்னு எழுதினீங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

குற்றாலநாதன் ஜெபமலரைப் பார்த்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெபமலர் அவர் காதருகில் போனாள். "நீங்க கையெழுத்துப் போட்ட பட்டியல்ல ஏழாம் கோபுரத்துக்கு நாலுன்னுதான் சார் இருக்கு. நான்தான் போட்டேன். தப்புன்னா எழுதிக் கொடுத்துடறேன்."

மனதுக்குள் அவர் எண்ணிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. முதல் கையெழுத்தில் தெரியாமல் நான்கு. இரண்டாவது கையெழுத்தில் தெளிவாக நான்கு. இனி மூன்று என்று சொன்னால் இரண்டையும் படிக்காமல் போட்டதாக ஆகும். அந்தத் துளி மூக்கிலிருந்து விழுந்தது.

"இதுதான் கோபால்சாமி, மேம்பாடு," என்றார்.

"மேம்பாடா? எம் மழையில கால் பங்கு இவளுக்குப் போகுது."

"போன மகசூல் விழாவுல அதிக விளைச்சல்னு உங்களுக்குத்தான கேடயம் கொடுத்தேன்?"

"ஆமா, அதுக்கு?"

"அதுக்கு முந்தின வருஷம் தண்ணி கூடிப்போய் மிளகாய் வேர் அழுகுதுன்னு மனுப் போட்டது யாரு?"

கோபால்சாமி வாயைத் திறந்தார். குடையைப் பார்த்தார். "அது வேற மனு," என்றார்.

"வேற மனுதான். ஆனா எழுதினது நீங்கதான. அந்த மனுவுக்கு இன்னைக்குத்தான் பதில் வந்துருக்குன்னு வச்சுக்கோங்க."

கோபால்சாமி மேலிடத்துக்குப் போவேன் என்றார். போங்கள் என்றார் குற்றாலநாதன். அவர் நிஜமாகவே போவாரா என்பது ஜெபமலருக்குத் தெரியாது. போனால் அவள் வேலை போகும். அதை அவள் புதன்கிழமையே யோசித்துவிட்டாள். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை, அளக்க வந்துவிடுவார்கள்.

*

குற்றாலநாதன் குடிசை வாசலில் ஒரு துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். சீனியம்மாள் ஜெபமலரைப் பாத்தி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பூவை நிமிர்த்திக் காட்டினாள். பூவுக்கு அடியில் உளுந்து அளவுக்கு ஒரு பிஞ்சு.

"நீதான தாயி?"

ஜெபமலர் தலையசைத்தாள். பிறகு, கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "இங்க பெய்யும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சரியா இந்தக் கல்லுகிட்ட வந்து குடிசை போட்டுருக்கீங்களே."

"ஆடு கண்டுபிடிச்சது," என்றாள் சீனியம்மாள். "வேலிக்கருவக் காய்க்கு ஓட்டிட்டு வருவேன். ஒருநா இந்தக் கல்லச் சுத்திப் புல்லு கெடந்துச்சு. இதென்னடா கூத்துன்னு குடத்த வச்சுட்டு உக்காந்தேன். வெள்ளிக்கெழம வந்து ஊத்திட்டுப் போச்சு. இங்க ஊத்துதுன்னா வேற எங்கயாச்சும் ஊத்தும்லா? ரெண்டு மாசம் நடந்தேன், கோபுரம் கோபுரமா. ஒவ்வொரு கோட்டுக் கடைசியிலயும் குடத்த வச்சுப் பாத்தேன்."

"எல்லா இடத்துலயுமா பெய்யுது?"

"எங்க? ரெண்டு போட்ட கல்லுல விழாது. நாலு, அஞ்சு போட்ட கல்லுல ஒரு பொட்டு விழாது. மூணு போட்ட கல்லுன்னா ஊத்தும். ஆறு போட்டதுலயும் ஊத்தும். ஏன்னு எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?"

ஜெபமலர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாரியத்தின் சோதனைப் பிரிவில் ஆறு பேர் இருக்கிறார்கள். பதினைந்து மாதத்தில் அவர்கள் கண்டுபிடிக்காததை இவள் ஒரு நசுங்கிய குடத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"தெரியும்," என்றாள். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வெளியாள்ட்டயா? மூச்சு விடலயே. தீப்பெட்டி ஆபீஸ்ல கூட வேல பாத்த பிள்ளையளுக்கு மட்டும்தான் சொன்னேன். பாவம், அதுகளும் பொழைக்கட்டும்னு." அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "எங்க அக்கா பதினொண்ணாம் கோபுரத்துல இருக்கா. கல்லு ஆறு. உளுந்து போட்டிருக்கா. அவளுக்கு நாளைக்கு மழ."

ஜெபமலருக்குக் காது மடல் மறுபடி சூடானது. பதினோராம் கோபுரம். ஒன்றிலிருந்து 1.6 வரை. வரைபடத்தில் உள்ளபடி ஆறு நிறுத்தம். ஆறு என்றுதான் அடித்தாள். ஒரு தூசிகூட ஒட்டாமல், மிகச் சரியாக.

"எத்தனை பேர், அக்கா?"

"என்னது?"

"கல்லுகிட்ட குடியிருக்கறவங்க. மொத்தம் எத்தனை பேர்?"

சீனியம்மாளின் முகம் மெல்ல மாறியது. என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நீ அதயெல்லாம் சரி பண்ணிட்டியா?"

ஜெபமலர் ஜீப்பிலிருந்து கணினியை எடுத்து வந்து, ஈரமான வரப்பிலேயே உட்கார்ந்து மடியில் திறந்து வைத்துக்கொண்டாள். ஒரு கோபால்சாமியின் கால் பங்குக்கே மூன்று நாள் தூக்கம் போயிற்று. பட்டியலை விரித்தாள். நாற்பது வரிகள்.

"கோபுரம் நம்பரைச் சொல்லுங்க," என்றாள். "ஒவ்வொண்ணா."

சீனியம்மாளும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரல் மடக்கத் தொடங்கினாள். "ரெண்டு. அஞ்சு. பதினொண்ணு, அக்காவுது. பதினாலு. பத்தொம்பதுல மாரித்தாயி, கைப்பிள்ளக்காரி." ஒரு கை முடிந்தது. அடுத்த கைக்கு மாறினாள்.

குற்றாலநாதன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருகில் வந்து நின்றார். திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் கூடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சீனியம்மாளின் இரண்டாவது கையும் முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்ததையும் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"மேம்பாடு சார்."

"எப்போ வேணும்?"

"நாளைக் காலையில முதல் படகு கிளம்பறதுக்குள்ள."

குற்றாலநாதன் ஈரச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.